முகவரிகளிற் பிறந்த சஞ்சிகை

இலக்கிய வரலாறு என்றால் அச்சேறிய நூல்களின் வரலாறு என்றே நம்மிற் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். பாடநூல்கள் நமக்கு அவ்வாறே கற்பித்தன. நாமும் மாணவர்க்கு அவ்வாறே கற்பித்து வருகின்றோம். ஆனால் அச்சகத்தின் வாயிலைக் காணாத எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கையால் எழுதிப் பத்துப் பேர் கைமாறிப் படித்த ஏடுகள், மெழுகுத்தாளில் எழுத்தைப் பதித்து மை உருட்டி எடுத்த பிரதிகள், தபாற் செலவுக்குக் காசு சேர்த்து அனுப்பிய சுற்றிதழ்கள் ஆகியவற்றைத் தள்ளிவிட்டு எழுதப்படும் இலக்கிய வரலாறு, வேரை விட்டுக் கிளைகளை எண்ணும் வேலையாகவே முடியும்.

இதற்குச் சான்றாக ஒரு சிறு சஞ்சிகையின் கதையை எடுத்துக்கொள்வோம். 1936 மார்ச் மாதத்தில், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள நனீட்டன் என்னும் நகரில் இளைஞர் சிலர் கூடி, விஞ்ஞானக் கதைகளை விரும்பிப் படிப்போருக்காக ‘நோவே தெரே’ என்ற பெயரில் ஒரு சஞ்சிகையை வெளியிட்டனர். இலத்தீன் மொழியில் அப்பெயருக்குப் ‘புதிய நிலங்கள்’ என்பது பொருள். அவர்களுக்கு அச்சகம் இல்லை, முதல் இல்லை, விளம்பரம் தந்து தாங்குவாரும் இல்லை. ஆயினும் 1939 ஜனவரி வரையில் இருபத்தொன்பது இதழ்கள் வெளிவந்தன. பிரித்தானியாவின் முதலாவது விஞ்ஞானக் கதை இரசிகர் சஞ்சிகை என்று வரலாற்றாசிரியர் இன்று குறிப்பது இதனையே.

மாத்தளை மாவட்டத்து எல்கடுவையில், தேயிலை மலைகளினிடையே தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கு நனீட்டன் நகரத்து மெழுகுத்தாள் ஏட்டிலே என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அச்சஞ்சிகையின் துணையாசிரியராக இருந்த இளைஞர் ஒருவர் 1956இல் இந்நாட்டுக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, 2008 மார்ச் 19ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். அவரே ஆர்தர் சி. கிளார்க். அவருடைய பெயரை நமது மாணவர் அறிவர். அவருடைய எழுதுகோல் எங்கே பழகியது என்பதை அறிந்தோர் சிலரே. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் இதனினும் பெரியது. எழுத வாருங்கள் என்று யாராலும் அழைக்கப்படாத மக்கள் எவ்வாறு எழுத்தாளராகின்றனர் என்ற கேள்விக்கு அந்த ஏட்டின் வரலாற்றில் ஒரு விடை கிடைக்கிறது. அவ்விடை நமக்கு எம்மட்டில் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் நாம் ஆராய வேண்டும்.

கடிதப் பகுதியின் விளைச்சல்

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. லக்சம்பேர்க்கிலிருந்து அங்கு குடியேறிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பவர் வானொலிக் கருவிகளையும் அவை பற்றிய சஞ்சிகைகளையும் விற்றுவந்த வணிகர். 1926 ஏப்ரலில் அவர் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழ் அது. அவ்விதழின் நோக்கம் இலாபம் என்பதில் ஐயமில்லை. எழுதியவர்களுக்கு அவர் உரிய காலத்தில் பணம் கொடுக்காத கதைகளும் பல உண்டு. ஆனால் தாம் செய்வதன் முழு விளைவையும் அறியாமலே அவர் ஒரு நற்செயலைச் செய்தார். வாசகர் கடிதங்களை வெளியிட்டபோது, எழுதியவரின் பெயரோடு அவரது முழு முகவரியையும் அச்சிட்டார்.

ஊருக்கு ஒருவராகத் தனித்துக் கிடந்த வாசகர், தம்மைப் போன்ற இன்னொருவர் எந்தத் தெருவில் எந்த இலக்க வீட்டில் இருக்கிறார் என்பதை இதனால் அறிந்துகொண்டனர். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர். கடிதங்கள் கழகங்களாயின, கழகங்கள் ஏடுகளை வெளியிட்டன. 1930 மே மாதத்தில் ‘விஞ்ஞானக் கடிதப் போக்குவரத்துக் கழகம்’ என்ற அமைப்பு ‘தி கொமெட்’ என்ற ஏட்டை வெளியிட்டது. இவ்வகைச் சஞ்சிகைகளுள் முதலாவதாகக் கருதப்படுவது இதுவே. அதன் ஆசிரியர் ரேமண்ட் பாமர், சிறுவயதில் விபத்துக்குள்ளாகி முதுகெலும்பு சிதைந்தவர். அவரே எட்டு ஆண்டுகளின் பின் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழுக்கு ஆசிரியராகி, ஐசாக் அசிமோவின் அச்சேறிய முதற் கதையை 1939இல் வெளியிட்டார்.

கிளீவ்லாந்து நகரில் இன்னும் இரண்டு சிறுவர் இருந்தனர். குடியேறிய யூதக் குடும்பங்களில் பிறந்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் ‘சயன்ஸ் பிக்ஷன்’ என்ற உருட்டச்சு ஏட்டை 1932இல் தொடங்கினர். 1933 ஜனவரியில் அவ்வேட்டில் வந்த ஒரு கதையில்தான் ‘சூப்பர்மேன்’ என்ற பெயர் முதன்முதல் அவர்களிடம் தோன்றிற்று. பின்னர் அப்பாத்திரத்தை முற்றும் மாற்றி அமைத்து, 1938இல் அதன் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டனர். அதனால் வெளியீட்டாளர் ஈட்டிய செல்வத்துக்கு அளவில்லை. படைத்தவர்களோ வழக்கு மன்ற வாயில்களில் ஆண்டுக்கணக்காக நின்றனர். ஏழைச் சிறுவரின் கற்பனை உருட்டச்சு ஏட்டில் இருந்தவரை அவர்களுடையதாக இருந்தது. சந்தைக்குள் நுழைந்த கணமே பிறருடையதாயிற்று. இலக்கியப் பொருளாதாரத்தை மாணவர்க்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவையெல்லாம் நிகழ்ந்த ஆண்டுகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வந்த வறுமைக் காலம் அது. வேலையற்ற தகப்பன்மாரின் பிள்ளைகள் நாளைய உலகைப் பற்றிக் கனவு கண்டதில் வியப்பென்ன? இன்றைய உலகம் அவர்களுக்கு எதையும் தரவில்லை. இத்தகைய ஏடுகளுக்கு ‘ஃபான்சீன்’ என்ற பெயரும் நெடுநாள் கழித்தே வந்தது. 1940 அக்டோபரில் ரஸ் ஷோவனே என்ற இரசிகர் தமது ஏட்டில் அச்சொல்லை முதன்முதல் வழங்கினார். பொருள் முந்தியது; பெயர் பிந்தியது.

நனீட்டன் நகரத்து மெழுகுத்தாள்

அமெரிக்காவில் விற்காமல் எஞ்சிய மலிவுத்தாள் இதழ்கள் கப்பலேறி இங்கிலாந்து வந்தன. வூல்வர்த் கடைகளில் அவை மூன்று பென்சுக்குக் கிடைத்தன. அவற்றைத் தேடித் திரிந்த சிறுவர்களுள் ஒருவர், சோமர்செட் மாவட்டத்து மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் 1917இல் பிறந்த கிளார்க். அவருடைய தந்தை 1931இல் இறந்தார். தாயார் பண்ணையைத் தனியே நடத்திப் பிள்ளைகள் நால்வரையும் வளர்த்தார். டோன்டன் நகரின் ஹியூஷ் கிராமர் பாடசாலையில் கிளார்க் படித்தபோது, ஆங்கில ஆசிரியரான கப்டன் மிட்போர்ட் பாடசாலைச் சஞ்சிகையின் பொறுப்பாளராக இருந்தார். பாடம் முடிந்த பின் மாணவரைக் கூட்டிவைத்து எழுதச் செய்த அந்த ஆசிரியருக்குத் தமது எழுத்து வாழ்க்கை கடமைப்பட்டிருப்பதைக் கிளார்க் பிற்காலத்தில் நன்றியோடு குறிப்பிட்டுள்ளார். பல்கலைக்கழகம் செல்லப் பணமில்லை. 1936இல் லண்டன் சென்று அரசாங்கக் கணக்காய்வுத் திணைக்களத்தில் எழுதுவினைஞரானார். ஆசிரியர்களின் ஓய்வூதியக் கணக்குகளைச் சரிபார்ப்பது அவர் வேலை.

அதே ஆண்டில்தான் நனீட்டனில் மொறிஸ் ஹன்சனும் டெனிஸ் ஜாக்ஸும் தமது சஞ்சிகையைத் தொடங்கினர். நனீட்டன் நிலக்கரிச் சுரங்கங்களையும் நெசவையும் நம்பி வாழ்ந்த நகரம். கேர்ன்ஸ்பாக் 1934இல் தமது இதழொன்றின் துணையமைப்பாக ‘விஞ்ஞானக் கதைக் கழகம்’ ஒன்றை நிறுவியிருந்தார். அதன் உள்ளூர்க் கிளையே இவ்விளைஞர்களை ஒன்றுசேர்த்தது.

மெழுகுத்தாள் முறையைப் பழைய ஆசிரியர் நன்கு அறிவர். நமது பாடசாலைகளில் ‘றோணியோ’ என்று வழங்கிய அதே முறைதான். தட்டச்சுப் பொறியின் மைநாடாவை விலக்கிவிட்டு வெறும் எழுத்தைத் தாளின்மேல் அடித்தால், மெழுகு விலகி எழுத்தின் வடிவில் துளை விழும். அத்தாளை மை நிரம்பிய உருளையிற் சுற்றிக் கைபிடியைச் சுழற்றினால் பிரதிகள் ஒவ்வொன்றாக விழும். பிழை நேர்ந்தால் ஒரு திரவத்தைப் பூசி, உலரவிட்டு, மீண்டும் அடிக்க வேண்டும். அழுத்தி அடித்தால் வட்ட எழுத்துக்களின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். ஒரு மெழுகுத்தாள் தாங்கும் பிரதிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. தமிழில் தட்டச்சுப் பொறி அரிதாக இருந்தமையால் நாம் இரும்பு முனையுள்ள கோலால் கையாலேயே எழுதிப் பரீட்சைத் தாள்களை உருட்டி எடுத்தோம். ஓலையில் எழுத்தாணி பிடித்த மரபு மெழுகுத்தாளில் மீண்டும் தலைகாட்டியது எனலாம்.

இம்முறையின் சமூகப் பொருள் எளிது. அச்சகம் வைத்திருப்பவனிடம் எழுதுபவன் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஓர் அலுவலக உருட்டுப்பொறி, சில கட்டுத் தாள், ஞாயிற்றுக்கிழமை ஒன்று, நண்பர் நால்வர் இருந்தாற் போதும். எழுதியவரே எழுத்துக் கோப்பவர், அவரே அச்சிடுபவர், தாள்களை அடுக்கித் தைத்து உறையிலிட்டு முத்திரை ஒட்டுபவரும் அவரே. மூளையுழைப்பும் கையுழைப்பும் ஒரே மேசையில் இணைந்திருந்தன.

லீட்ஸ் கூட்டமும் லண்டன் வாடகை அறையும்

1937 ஜனவரி 3ஆம் நாள், லீட்ஸ் நகரின் பிரமஞான சபை மண்டபத்தில் இந்த இரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினர். வந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். ஆயினும் விஞ்ஞானக் கதை இரசிகர்களுக்கென்றே முன்கூட்டித் திட்டமிட்டு ஒரு பொது மண்டபத்தில் நடந்த முதல் மாநாடு என்று அதைக் கூறுவர். கிளார்க், ஹன்சன், எட்வர்ட் ஜோன் கார்னல், வோல்டர் கில்லிங்ஸ், எழுத்தாளர் எரிக் பிராங்க் ரசல் ஆகியோர் அங்கிருந்தனர். அமெரிக்க வணிகர் ஒருவரின் இதழுக்குக் கிளையாக இருப்பதை விடுத்து, தமக்கெனச் ‘விஞ்ஞானக் கதைச் சங்கம்’ ஒன்றை அமைப்பதென அங்கே தீர்மானித்தனர். இருபது பேரின் தீர்மானம்தான். ஆனால் நுகர்வோராக இருந்தவர்கள் தம்மைத் தாமே அமைப்பாக்கிக்கொண்ட தீர்மானம் அது.

அவ்வாண்டிலேயே ‘நோவே தெரே’ சங்கத்தின் அதிகாரபூர்வ ஏடாயிற்று. ஹன்சன் லண்டனுக்கு வந்தார். ஏடும் அவருடன் வந்தது. கிளார்க்கும் வில்லியம் டெம்பிளும் துணையாசிரியராயினர். 1938இல் கிளார்க்கும் டெம்பிளும் கிரேஸ் இன் சாலை 88ஆம் இலக்கத்தில் ஒரு வாடகை வீட்டை எடுத்தனர்; ஹன்சனும் பின்னர் அவர்களோடு சேர்ந்தார். அந்தச் சிறிய வீடே ஏட்டின் அலுவலகம், நூலகம், விவாத மண்டபம் எல்லாமாயிற்று. பகலில் கணக்கேடு, இரவில் மெழுகுத்தாள். இதே நண்பர்களிற் பலர் கிரகங்களிடைப் பயணச் சங்கத்திலும் உறுப்பினராக இருந்தனர். 1933இல் லிவர்பூலில் தொடங்கப்பட்ட அச்சங்கம், மனிதன் சந்திரனுக்குச் செல்வது இயலும் என்று கணக்குப் போட்டுக் காட்ட முயன்றது. கற்றோர் சபைகள் இதை நகைப்புக்குரியதாகக் கருதிய காலம் அது.

சங்கம் ‘அமெச்சூர் சயன்ஸ் ஸ்டோரிஸ்’ என்ற இன்னோர் ஏட்டையும் லீட்சிலிருந்து வெளியிட்டது. வந்தவை மூன்றே இதழ்கள். 1937 டிசம்பர் இதழில் கிளார்க்கின் முதற் கதை வெளிவந்தது. 1938 மார்ச் இதழில் மேலும் இரண்டு. அவற்றுள் செவ்வாய்க் கிரகப் பயணத்தைக் கேலியாகக் கூறும் கதையொன்றுக்கு, 2014இல் லண்டனில் கூடிய உலக மாநாடு பின்னோக்கிய ஹியூகோ விருதை வழங்கியது. எழுபத்தாறு ஆண்டுகளின் பின்! ஊதியமின்றி எழுதிய கதைக்கு, எழுதியவர் மறைந்த பின் கிடைத்த பரிசு.

எதிர்காலம் யாருக்கு?

இங்குதான் நமது வாசகரின் தனிக் கவனத்துக்குரிய பகுதி வருகிறது. ஸ்பெயினில் குடியரசு குருதி சிந்திக்கொண்டிருந்த காலம். ஹிட்லரின் ஜெர்மனி ஆயுதம் பூண்டுகொண்டிருந்த காலம். எதிர்கால உலகைப் பற்றி எழுதுவோர் நிகழ்கால அரசியலைப் பற்றி மௌனமாக இருக்கலாமா? 1937 அக்டோபரில் பிலடெல்பியாவில் நடந்த இரசிகர் கூட்டமொன்றில், நியூ யோர்க் இளைஞர் ஜோன் மைக்கல் எழுதிய உரையை அவர் நண்பர் டொனால்ட் வுல்ஹைம் படித்தார். பாசிசத்தை எதிர்க்கவும் விஞ்ஞான அடிப்படையில் அமைந்த சமதர்ம உலக அரசுக்காக உழைக்கவும் விஞ்ஞானக் கதை இரசிகர் முன்வர வேண்டும்; இல்லையேல் அவர்களது ஆர்வம் வெறும் பொழுதுபோக்காகி அழிந்துவிடும் என்பது அவ்வுரையின் சாரம். அதையொட்டிய தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. ஆனால் விவாதம் ஓயவில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டி அது ‘நோவே தெரே’ பக்கங்களுக்கும் வந்தது. 1938இல் வுல்ஹைம் அவ்வேட்டிலேயே இக்கொள்கையை விளக்கி எழுதினார். இங்கிலாந்து வாசகருள்ளும் அரசியல் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் இருந்தனர்.

1939 ஜூலையில் நியூ யோர்க்கில் முதலாவது உலக மாநாடு கூடியபோது, வுல்ஹைம், மைக்கல், பிரெடரிக் போல், சிரில் கோன்புளூத், ரொபர்ட் லௌண்டஸ், ஜக் கில்லெஸ்பி ஆகிய அறுவரையும் அமைப்பாளர் வாயிலிலேயே தடுத்து நிறுத்தினர். துண்டுப் பிரசுரம் கொடுத்துக் குழப்பம் விளைவிப்பர் என்ற அச்சமே கூறப்பட்ட காரணம். வெளியே நிறுத்தப்பட்ட போலும் கோன்புளூத்தும் பின்னர் சேர்ந்தெழுதி 1953இல் நூலாக வெளியிட்ட நாவல், விளம்பர நிறுவனங்கள் உலகை ஆளும் ஒரு காலத்தைச் சித்திரித்து முதலாளித்துவத்தை அங்கதத்தால் தாக்கியது. ‘தி ஸ்பேஸ் மேர்ச்சன்ட்ஸ்’ என்ற அந்நாவல் இன்றும் படிக்கப்படுகிறது. வாயிற் கதவை அடைத்தவர்கள் இலக்கியத்தின் கதவை அடைக்க இயலவில்லை.

இதே மாதங்களில் நமது மலைகளில் என்ன நடந்தது? 1936இல் தேயிலைத் தோட்டத் தொழில் பழகவென வந்த மார்க் அன்தனி பிறேஸ்கேர்டில் என்ற ஆங்கிலேய இளைஞர், நக்கிள்ஸ் மலைச்சாரலில் மடுல்கலையை அடுத்த றெலுகாஸ் தோட்டத்தில் தொழிலாளர் நிலையைக் கண்டு அவர்கள் பக்கம் நின்றார். வேலை நீக்கப்பட்டார், லங்கா சமசமாஜக் கட்சியின் மேடைகளில் பேசினார். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். அவ்வாணை சட்டவிரோதமென உயர் நீதிமன்றம் மே மாதத்தில் தீர்ப்பளித்தது. கிளார்க்கைவிட ஐந்து வயது மூத்தவர் பிறேஸ்கேர்டில். ஒருவர் லண்டனில் இரவு விழித்துப் புதிய நிலங்களைக் கனவு கண்டார்; மற்றவர் பழைய நிலமொன்றில் மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைப் பகல் வெளிச்சத்தில் கண்டார். இரண்டு கண்களும் ஒரே முகத்தில் அமைந்திருக்க வேண்டியவை என்றே மைக்கலும் வுல்ஹைமும் வாதிட்டனர்.

‘புதிய நிலங்கள்’ என்ற பெயரையும் சற்றே நிறுத்தி நோக்குதல் தகும். பேரரசுகள் கடல் கடந்து சென்றபோது உச்சரித்த சொல்லும் அதுவே. கண்டி மலைக் காடுகள் ஒருகாலத்தில் கோப்பித் தோட்டக்காரருக்குப் ‘புதிய நிலம்’. அந்நிலத்தைப் பண்படுத்த மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வழியில் நோயாலும் பசியாலும் வீழ்ந்த நம் முன்னோருக்கு அது எத்தகைய நிலம்? ஆயினும் விஞ்ஞானக் கதை முழுவதையும் குடியேற்றக்காரரின் கனவென்று தள்ளுவது நியாயமாகாது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட ‘உலகங்களின் போர்’ நாவலின் தொடக்கத்திலேயே, செவ்வாய் வாசிகளின் கொடுமையைக் குறைகூறுமுன் தஸ்மானிய மக்களை ஐரோப்பியர் அழித்தொழித்ததை எண்ணிப் பாருங்கள் என்கிறார். கேள்வி கேட்கும் மரபும் அதே வித்தில் இருந்தது.

குறைகள் வேறும் உண்டு. அச்சிறு குழுவில் பெண்கள் மிகச் சிலரே. தமக்குள் பூசலும் கேலியும் பரிமாறிப் பக்கங்களை நிரப்பிய இரசிகர் ஏடுகளும் பல. சிறு வட்டத்தின் பலமே சில வேளை அதன் சுவராகவும் மாறும்.

ஏட்டிலிருந்து இயக்கம்

1939 ஜனவரியில் இருபத்தொன்பதாம் இதழுடன் ஹன்சன் ஓய்ந்தார். பொறுப்பை ஏற்ற கார்னல் பெயரை ஆங்கிலமாக்கி ‘நியூ வேர்ல்ட்ஸ்’ என்று மார்ச்சிலிருந்து வெளியிட்டார். நான்கு இதழ்கள் வந்தன. பின்னர் போர் வந்தது. இளைஞர் படைக்குச் சென்றனர். ஆனால் பெயர் மடியவில்லை. 1946இல் ‘நியூ வேர்ல்ட்ஸ்’ அச்சுச் சஞ்சிகையாக மீண்டும் பிறந்தது. அவ்வெளியீட்டகம் நொடித்தபோது, இரசிகர்களே முதலைத் திரட்டி ‘நோவா பப்ளிகேஷன்ஸ்’ என்ற நிறுவனத்தை அமைத்து 1949இல் அதை மீட்டனர். கார்னலின் பக்கங்களில் பிரயன் ஆல்டிஸ், ஜோன் பிரன்னர், ஜே. ஜி. பலார்ட் ஆகியோர் வளர்ந்தனர். 1964இல் ஆசிரியப் பொறுப்பேற்ற மைக்கல் மூர்கொக்கும் சிறுவயதில் இரசிகர் ஏடு நடத்தியவரே. அவர் காலத்தில் பிரித்தானியக் கலை மன்றம் அச்சஞ்சிகைக்கு மானியம் வழங்கியது. மூன்று பென்ஸ் இதழ்களைத் தேடியலைந்த சிறுவரின் மெழுகுத்தாள், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஒரு நாட்டின் இலக்கியத்தில் இடம்பெற்றது.

கிளார்க்கின் பாதையும் இதற்கு ஒத்ததே. போரில் ராடார் பணி. 1945 அக்டோபரில், வானில் நிலைநிறுத்திய செயற்கைக்கோள்களால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று விளக்கிய புகழ்பெற்ற கட்டுரை. போருக்குப் பின்பே பல்கலைக்கழகப் பட்டம். பட்டம் பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் எழுதவும், எழுதியதைப் பிறர் முன் வைத்து வாதிடவும் பழகியிருந்தார். அப்பழக்கத்தை அவருக்குத் தந்தவை ஒரு பாடசாலைச் சஞ்சிகையும் ஓர் உருட்டச்சு ஏடுமே.

நமது கையெழுத்து ஏடுகள்

நம்மிடம் இத்தகைய மரபு இல்லையா? உண்டு. யாழ்ப்பாணத்தில் 1943இல் அமைந்த மறுமலர்ச்சிச் சங்கத்தார் முதலில் கையெழுத்துச் சஞ்சிகையையே நடத்தினர். அதுவே 1946இல் ‘மறுமலர்ச்சி’ என்ற அச்சிதழாகி, வரதர், அ. செ. முருகானந்தன் முதலியோரால் ஈழத்து நவீன இலக்கியத்தின் ஒரு கட்டத்துக்கே தன் பெயரைத் தந்தது. மலையகத்தில் கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ நடத்தினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிச் சிறு பிரசுரங்களாக மக்களிடம் கொண்டுசென்றார். பின்னர் பாடசாலை மாணவர் மன்றங்கள்தோறும் கையெழுத்து ஏடுகள் தோன்றின. விஞ்ஞானக் கதைக்கென்று ஏடு நடத்தியோர் இலர் என்றாலும், செய்முறை ஒன்றே, மனத்துடிப்பும் ஒன்றே.

வேறுபாடு எங்கே இருக்கிறது? முகவரியில் இருக்கிறது. நனீட்டன் இளைஞனுக்குத் தெருப் பெயரும் வீட்டிலக்கமும் இருந்தன. தபாற்காரர் அவன் வாசலில் கடிதத்தைப் போட்டார். லயத்து அறைக்கு இலக்கமில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வரும். அங்கிருந்து எப்போது, யார் கையால், பிரித்தோ பிரிக்காமலோ அவனை அடையும் என்பது அவன் வசத்தில் இல்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வின் அழைப்பு, அத்தேர்வு முடிந்த பின் கிடைத்த அவலத்தை மலையகக் குடும்பங்கள் பலவும் அறியும். இந்நிலை இன்றும் முற்றாக நீங்கவில்லை. முகவரியில்லாதவர் சந்தா கட்டுவது எவ்வாறு? சக வாசகரைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப் பழகிய தலைமுறையொன்றைக் கடலின் இருபுறமும் சிதறடித்தது. நாட்டில் முகவரி மறுக்கப்பட்டோர் இலக்கியத்திலும் முகவரியற்றோராய் இருந்ததில் வியப்பில்லை. திறமைக் குறைவென்று இதை விளக்குவோர் வரலாற்றைப் பார்க்க மறுக்கின்றனர்.

இன்னொரு வேறுபாடு, காத்து வைத்தலில். இருபது பேர் கூடிய லீட்ஸ் மாநாட்டின் புகைப்படங்கள்கூட இன்று கிடைக்கின்றன. இரசிகர் ஏடுகளை லிவர்பூல் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகமும் பாதுகாத்து வருகின்றன. ஒரு காலத்தில் குப்பையெனக் கருதப்பட்டவற்றைத் தம் வீட்டுப் பெட்டிகளில் வைத்துக் காத்த தனிமனிதராலேயே இது இயன்றது. நாமோ 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீக்கு இழந்தோம். மலையகத்தின் கையெழுத்து ஏடுகள் தீயினால் மட்டும் அழியவில்லை. ஒழுகும் கூரை, கறையான், ஆண்டிறுதித் துப்புரவு ஆகியவற்றால் ஓசையின்றி அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் எழுத்துக்களை எண்ணிம வடிவில் காத்து வருவது பெருந்தொண்டு. ஆனால் அலுமாரியிலிருந்து வெளியே வராத ஏட்டை எந்த நிறுவனத்தாலும் காக்க இயலாது.

ஆசிரிய நண்பர்களே, இது நம்மால் ஆகக்கூடிய வேலை. பாடசாலை அலுமாரியின் அடித்தட்டிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுப் பரணிலும், பழைய மாணவரின் தகரப் பெட்டியிலும் கிடக்கும் கையெழுத்து ஏடுகளை இவ்வாண்டே தேடுவோம், பெயரும் ஆண்டும் குறிப்போம், படமெடுத்துச் சேர்ப்போம். மாணவ நண்பர்களே, நீங்கள் படித்ததைப் பற்றி எழுதுங்கள்; எழுதியதைப் பத்துப் பேருக்குக் கொடுங்கள்; பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் உங்களைப் போன்ற இன்னொருவர் இருப்பார், அவரைத் தேடுங்கள். கேர்ன்ஸ்பாக் என்ற வணிகர் தமது வாணிபத்துக்காக அச்சிட்ட முகவரிகளைக் கொண்டு அங்குள்ள இளைஞர் ஓர் இலக்கியத்தையே கட்டினர். நமக்கு அந்த முகவரிப் பட்டியலை வேறொருவர் அச்சிட்டுத் தரப்போவதில்லை. ஏட்டின் முதற் பக்கத்தில் எழுதுவோர் பெயரோடு, பிரிவின் பெயரும் லயத்தின் பெயரும் அறையின் இலக்கமும் சேர்த்து நாமே எழுத வேண்டும். இலக்கமில்லாத அறைக்கு அன்றே ஓர் இலக்கம் இட வேண்டும்.